பிஸ்டனைக் கடைசியில் வாங்குதல்

பழைய எஞ்சின் ஒன்றை அவிழ்த்துப் போட்டு, அதன் ஸ்ட்ரோக்கைக் கூட்டிப் புதிதாகக் கட்டவேண்டுமென்று சங்கல்பம் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர், சாமான் வியாபாரியின் விலைப்பட்டியலைப் புரட்டும்போது முதலில் நின்றுவிடுவது பிஸ்டன்களின் படம் அச்சான பக்கத்தில்தான். வெள்ளி போல் மின்னும் அந்த உருப்படிகளில் மனம் லயிப்பது இயற்கையே. ஆயினும் வாங்கும் வரிசையில் பிஸ்டனுக்கு உரிய ஸ்தானம் கடைசி. பிளாக்கின் உயரம், கிராங்கின் வீச்சு, ராடின் நீளம், ஹெட்டிலுள்ள எரியறையின் கொள்ளளவு, ஊற்றப்போகும் பெட்ரோலின் தரம் ஆகிய ஐந்தும் நிர்ணயமான பிறகு மிஞ்சி நிற்கிற வெற்றிடத்தை நிரப்ப வருவதே பிஸ்டன். அந்த ஐந்தும் முடிவாகுமுன் அதை வாங்கிவிட்டவர், அதற்காக மற்றவற்றையெல்லாம் செதுக்கவும் மாற்றவும் நேர்ந்து, அதிகப் பணத்தைக் கொடுத்துக் குறைந்த யந்திரத்தைப் பெறுவார்.

உதாரணமாக, அமெரிக்கப் பட்டறைகளில் மிகப் பழக்கமான ஸ்ட்ரோக்கரையே, அதாவது ஸ்ட்ரோக் கூட்டிய எஞ்சினையே, எடுத்துக்கொள்வோம். செவ்ரோலெட் நிறுவனம் 1955-இல் 265 கன அங்குலக் கொள்ளளவோடு வெளியிட்ட சிறிய வி-8 எஞ்சின், 1967-இல் கமாரோ காரில் 350 ஆகவும், 1970-இல் 400 ஆகவும் வளர்ந்தது. 350-இன் போர் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48; 400-இன் போர் 4.125, ஸ்ட்ரோக் 3.75. இரண்டின் பிளாக்கும் ஒரே உயரம்; சிலிண்டர்களின் மைய இடைவெளியும் இரண்டிலும் 4.40 அங்குலமே. ஆகவே 400-இன் கிராங்கை எடுத்து 350-இன் பிளாக்கில் படுக்கவைக்க முடியாமல் பிரதானமாகத் தடுத்தது மெயின் ஜர்னலின் விட்டம்தான்: முன்னதற்கு 2.65, பின்னதற்கு 2.45. இந்த வித்தியாசத்தைக் கண்ட பந்தயப் பிரியர்கள் கிராங்கைக் கிரைண்டிங் மெஷினில் ஏற்றி ஜர்னலை 2.45-க்கு இறக்கி, பிளாக்கின் போரை 0.030 அங்குலம் பெருக்கி, 383 கன அங்குலமுள்ள எஞ்சினைப் படைத்தார்கள். (கிரைஸ்லர் நிறுவனமும் தன் பெரிய எஞ்சின் ஒன்றுக்கு இதே எண்ணைச் சூட்டியிருந்ததால், சாமான் கேட்கும்போது செவ்ரோலெட் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது உசிதம்.) இன்று 2.45 அங்குல ஜர்னலும் 3.75 அங்குல ஸ்ட்ரோக்கும் உள்ள புதிய கிராங்குகளே தாராளமாகக் கிடைப்பதால், பழைய 400-இன் கிராங்கைத் தேடிப் பழுதுபட்ட வண்டிகளின் கிடங்குகளில் அலைய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இனிக் கணக்கு. கிராங்கின் மையத்திலிருந்து ஹெட் உட்காரும் மேற்பரப்பு வரையில் 350 பிளாக்கின் டெக் உயரம் 9.025 அங்குலம். இந்த உயரத்தை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள்: ஸ்ட்ரோக்கில் பாதி, ராடின் நீளம், பிஸ்டனில் பின்னின் மையத்திலிருந்து உச்சி வரையுள்ள தூரம். இக்கடைசி அளவைக் கம்ப்ரெஷன் உயரம் என்பார்கள். ஸ்ட்ரோக் 3.75 ஆனால் அதில் பாதி 1.875. பழைய 350-க்குரிய 5.7 அங்குல ராடையும், 1.560 கம்ப்ரெஷன் உயரமுள்ள அதன் பழைய பிஸ்டனையும் அப்படியே போட்டால் கூட்டுத்தொகை 9.135; பிஸ்டன் பிளாக்கின் மேற்பரப்பைத் தாண்டி 0.110 அங்குலம் வெளியே வந்து ஹெட்டின் மீது மோதும். இதே பழைய பிஸ்டனை 400-இன் 5.565 அங்குல ராடோடு சேர்த்தாலோ, கூட்டுத்தொகை சரியாக 9.000 ஆகி, பிஸ்டன் மேற்பரப்புக்கு 0.025 கீழே நின்றுவிடுகிறது. கைப்பணம் குறைந்த முன்னோர்கள் 383 கட்டியது இந்த வழியில்தான். ஸ்ட்ரோக்கருக்கென்று தனி உயரமுள்ள பிஸ்டன் வேண்டியிருக்கவில்லை. அந்த ராடுகள் குட்டையானவை, பலத்திலும் குறைந்தவை என்பதை அவர்கள் அறியாமலில்லை.

புதிதாக வாங்குகிறவருக்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. 5.7 அங்குல ராடு எடுத்தால் சுமார் 1.425 உயரமுள்ள பிஸ்டன் வேண்டும், 6.0 அங்குல ராடு எடுத்தால் சுமார் 1.125 உயரமுள்ளது. இவ்விரண்டில் எது மேல் என்று பட்டறைகளில் நடக்கும் விவாதத்துக்கு முடிவே இல்லை. ராடின் நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் 5.7-க்கு 1.52-உம், 6.0-க்கு 1.60-உம் வருகின்றன. இந்த விகிதம் கூடக்கூட ராடின் சாய்வு குறைந்து, பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரைப் பக்கவாட்டில் அழுத்துவதும் குறைகிறது. குட்டையான பிஸ்டன் எடையிலும் இலேசானது. எதிர்ப்பக்கத்து நஷ்டம் என்னவென்றால், பின் மேலே ஏறிவிடுவதால் அதன் துளை எண்ணெய் ரிங்கின் காடியை வெட்டிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் ரிங்குக்கு அடியில் தனியாக ஒரு தாங்கு வளையம் போடவேண்டியிருக்கிறது. முறையாகப் போட்டால் அதனால் தீங்கில்லை. ஆனால் அவசரக்காரர் ஒருவர் அதைத் தலைகீழாகவோ, தடுப்புப் புள்ளியை இடம் மாற்றியோ பொருத்திவிட்டால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். நாள்தோறும் கடைத்தெருவுக்கும் ஆபீசுக்கும் ஓடப்போகிற காருக்கு 5.7 ராடே போதும் என்பது என் அபிப்பிராயம். 6,000 சுற்றுக்கு மேல் அடிக்கடி ஓட்டுகிறவர், அல்லது புதிய கிராங்கின் எதிர்பாரங்கள் பிஸ்டனின் பாவாடையை நெருங்குவதைக் கண்டவர், 6.0-ஐ எடுத்துக்கொள்வது நியாயம். நீள ராடினால் மட்டும் குதிரைச்சக்தி கணிசமாகக் கூடும் என்று சொல்லும் வியாபாரியின் வார்த்தையை அதிகமாகப் பாராட்ட வேண்டியதில்லை.

உயரம் தீர்ந்தது; இனி பிஸ்டனின் தலை. இங்கேதான் மிகுதியான பிழைகள் நேர்கின்றன. ஆகையால் சற்று விஸ்தாரமாகவே சொல்லுகிறேன். ஸ்ட்ரோக்கைக் கூட்டும்போது சிலிண்டருக்குள் இழுக்கப்படும் காற்றின் அளவு கூடுகிறது; ஆனால் அது கடைசியில் அமுங்கி ஒடுங்குகிற இடம் கூடுவதில்லை. அதனால் மற்றெதையும் தொடாமலே கம்ப்ரெஷன் விகிதம் ஏறிவிடும். 4.030 போருள்ள 350-இல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 727 சி.சி.; 383-இல் 784 சி.சி. இரண்டிலும் 64 சி.சி. எரியறையுள்ள ஹெட், அமுங்கிய நிலையில் 0.039 அங்குலம் கனமுள்ள கேஸ்கட் (சுமார் 8.4 சி.சி.), மேற்பரப்புக்கு 0.025 கீழே நிற்கும் பிஸ்டன் (5.2 சி.சி.), தட்டையான தலையில் வால்வுப் பள்ளங்களுக்கு 5 சி.சி. என்று வைத்துக்கொண்டால் ஒடுங்கும் இடம் 82.6 சி.சி. ஆகிறது. 350-க்கு விகிதம் 9.8, 383-க்கோ 10.5. பிளாக்கின் மேற்பரப்பைச் சீவி 9.000-க்குக் கொண்டுவந்தால் அது 11.1-க்குத் தாவிவிடும். அமெரிக்கப் பெட்ரோல் பம்புகளில் சாதாரணமாகக் கிடைக்கும் உயர்ந்த ரகம் 91 அல்லது 93 ஆக்டேன். வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு ஏறக்குறைய 9.5-உம், வெப்பத்தை விரைவில் கடத்திவிடும் அலுமினிய ஹெட்டுக்கு ஏறக்குறைய 10.5-உமே அந்தப் பெட்ரோலோடு நிம்மதியாக ஓடக்கூடிய எல்லை. காம்ஷாஃப்ட் எவ்வளவு நேரம் வால்வைத் திறந்து வைக்கிறது என்பதைப் பொறுத்து இந்த எல்லை சற்று முன்பின்னாக நகரும், ஆனாலும் 11.1 என்பது தெருவில் ஓடும் வண்டிக்கு உரியதன்று.

இந்த அபாயத்தைக் கண்டு மிரண்டவர்கள் பிஸ்டனைக் கீழே இறக்கி, கனமான கேஸ்கட் போட்டு விகிதத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள். அது நோயைவிடக் கொடிய மருந்து. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதன் தட்டையான பாகத்துக்கும் ஹெட்டின் தட்டையான பாகத்துக்கும் நடுவே உள்ள சந்து 0.040 அங்குலத்தை ஒட்டி இருந்தால், அங்கே சிக்கிய கலவை பீறிட்டு எரியறையின் நடுவுக்குப் பாய்ந்து, நன்றாகக் கலந்து சீக்கிரம் எரிகிறது. ஓரங்களில் தானே வெடிக்கும் இயல்பும் அடங்குகிறது. இதைக் க்வென்ச் என்பார்கள். சந்து 0.060-க்கு மேல் போனால் அந்தப் பயன் தேய்ந்து, விகிதம் குறைந்திருந்தும் எஞ்சின் டக்டக்கென்று தட்டுகிற விபரீதம் உண்டாகிறது. ஆகவே பிளாக்கைச் சீவிப் பிஸ்டனை மேற்பரப்புக்குச் சமமாகக் கொண்டுவந்து, கேஸ்கட்டின் கனத்தையே க்வென்ச் ஆக வைத்துக்கொண்டு, விகிதத்தைக் குறைக்கவேண்டிய பொறுப்பைப் பிஸ்டனின் தலையில் உள்ள குழிவுக்கு விடுவதே சரியான மார்க்கம். அதே 64 சி.சி. ஹெட்டோடு 12 சி.சி. குழிவு 10.3 விகிதத்தையும், 18 சி.சி. குழிவு 9.7 விகிதத்தையும் தரும். குழிவு வட்டமாகத் தலை முழுவதும் பரவியிராமல், எரியறைக்கு நேர் எதிரே மட்டும் இங்கிலீஷ் 'டி' எழுத்தைப்போல் அமைந்து, மற்றப் பாகம் தட்டையாக இருப்பது விசேஷம். பிளாக்கை 0.025 அளவு சீவியபின் இன்டேக் மேனிஃபோல்டின் துளைகள் ஹெட்டின் துளைகளோடு ஒத்து நிற்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கில் வரும் 64, 5, 12 என்பவையெல்லாம் பட்டியலில் அச்சான எண்கள். ஹெட்டை ஒரு முறை செதுக்கியிருந்தால் 64 என்பது 61 ஆகியிருக்கும். ஆகவே ஹெட்டைக் கவிழ்த்து, வால்வையும் ஸ்பார்க் பிளக்கையும் போட்டு, நடுவில் துளையிட்ட கண்ணாடித் தட்டால் மூடி, பியூரெட்டிலிருந்து திரவம் விட்டு அளந்த எண்ணைத் தவிர வேறெந்த எண்ணையும் நம்பலாகாது.

பிஸ்டனின் உலோகத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வார்த்தெடுக்கப்படும் ஹைப்பர்யூடெக்டிக் பிஸ்டனில் சிலிக்கன் 16 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். சூட்டில் அதிகம் விரியாது. ஆகவே சுவருக்கும் அதற்கும் நடுவே 0.002 அங்குலத்துக்கு உட்பட்ட இடைவெளியே போதும், குளிர்காலக் காலையிலும் சத்தமில்லாமல் ஓடும், விலையும் மலிவு. ஆனால் அது நொறுங்கும் ஜாதி: கலவை தானே வெடிக்கிற தொல்லை சிறிது நேரம் நீடித்தால் ரிங்குகளுக்கு நடுவேயுள்ள வரப்பு உடைந்து விழும். அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்ட் பிஸ்டன்களில் 4032 என்ற கலப்புலோகத்தில் சிலிக்கன் சுமார் 12 சதவீதம். 2618-இல் ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். பின்னது அடியை வாங்கி வளையுமேயன்றி உடையாது. அதற்குப் பிரதியாக அதிகம் விரிவதால் 0.004 அங்குலமும் அதற்கு மேலும் இடைவெளி கேட்கிறது. சூடேறும் வரை பாவாடை சுவரில் மோதிக் கலகலக்கிறது. சூப்பர்சார்ஜரோ நைட்ரஸோ பின்னொரு நாள் போடலாம் என்ற சபலம் உள்ளவர் 2618-ஐ எடுக்கட்டும். அந்தச் சபலம் இல்லாதவருக்கு 4032 உத்தமம். பையில் பணம் குறைந்தவருக்கு, ஸ்பார்க் டைமிங்கில் கட்டுப்பாடு உள்ளவரானால், ஹைப்பர்யூடெக்டிக் துரோகம் செய்யாது. எதுவானாலும் இடைவெளியைத் தயாரிப்பாளரின் தாள் சொல்லுகிறபடி, தாள் சொல்லுகிற இடத்தில் அளக்க வேண்டும். பிஸ்டன் நேரான உருளையன்று. பாவாடையில் ஓரிடத்தில் மட்டும், பின்னுக்குக் குறுக்கே, அதன் விட்டம் முழுமையாக இருக்கும். ஆகையால் பிஸ்டன்கள் கைக்கு வந்து, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் பார்த்து எழுதிக்கொண்ட பிறகே பட்டறைக்காரர் கடைசி ஹோனிங்கைச் செய்யவேண்டும். ஹெட்டைப் போல் போல்ட்டை முறுக்கி அழுத்தும் கனத்த தட்டைப் பிளாக்கின் மேல் பூட்டிக்கொண்டு ஹோன் செய்யும் பட்டறை கிடைத்தால், கூடுதல் கூலியைப் பாராமல் அங்கே கொடுப்பது நல்லது. போல்ட் இறுகும்போது சிலிண்டரின் வட்டம் கோணுகிறது.

கிராங்கில் வார்ப்பு, ஃபோர்ஜ்ட் என்ற இரண்டு பிரிவுகளும், ஃபோர்ஜ்டில் 4340 என்ற உயர்ந்த எஃகும் உண்டு. 400 குதிரைச்சக்தியை ஒட்டிய தெரு எஞ்சினுக்கு நல்ல வார்ப்புக் கிராங்கே தாங்கும். இதைவிட முக்கியமாகக் கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, பின்புறத்து எண்ணெய் சீல்: 1985 வரை வந்த பிளாக்குகளில் அது இரு துண்டு, 1986 முதல் ஒரே துண்டு, கிராங்கின் பின் விளிம்பே வேறாகிவிட்டதால் ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சாதாரணமாகப் பொருந்தாது. இரண்டாவது, சமன் செய்யும் விதம். 400-இன் பழைய கிராங்கில் எதிர்பாரம் போதாமையால், முன்புற டாம்பரிலும் பின்புற ஃபிளைவீலிலும் கூடுதல் பாரம் வைத்துச் சமன் செய்திருந்தார்கள். இரு துண்டு சீலுள்ள 350-இல் அப்படியில்லை. புதிய கிராங்க் எந்த விதத்தில் சமன் செய்யப்பட்டதோ அந்த விதத்துக்குரிய டாம்பரையும் ஃபிளைவீலையும் சேர்த்தே வாங்கவேண்டும். ஒன்றை மாற்றிப் போட்டால் எஞ்சின் முதல் நாளே உதறும். பிஸ்டன், பின், ரிங், ராடு, பேரிங் எல்லாம் கைக்கு வந்தபின் கிராங்கோடு சேர்த்துப் பட்டறையில் கொடுத்தால், சுழலும் எடை முழுவதையும், ஏறி இறங்கும் எடையில் பாதியையும் கணக்கிட்டு, அதற்கிணங்க எதிர்பாரத்தைத் துளைத்தோ, டங்ஸ்டன் கலந்த கனவுலோகத்தை ஏற்றியோ சரிசெய்வார்கள். இலேசான பிஸ்டனால் இங்கேயும் ஓர் ஆதாயம் உண்டு: கனவுலோகத்தின் செலவு மிச்சமாகும். புதிய கிராங்கின் ஜர்னல் ஓரத்தில் வளைவு அகலமாயிருந்தால், ஓரம் செதுக்கிய பேரிங்கைக் கேட்டு வாங்கவேண்டும். சாதாரண பேரிங்கின் விளிம்பு அந்த வளைவின் மேல் ஏறி உரசும்.

ஸ்ட்ரோக்கில் கூடிய 0.27 அங்குலத்தில் பாதி, அதாவது 0.135, ராடின் பெரிய முனையை ஒவ்வொரு சுற்றிலும் வெளியே தள்ளுகிறது. அதன் போல்ட், பிளாக்கின் கீழ் விளிம்பிலும் எண்ணெய்த் தட்டு பூட்டும் ஓரத்திலும் இடிக்கும். அந்த இடங்களைக் கிரைண்டரால் தேய்த்துக் குறைந்தது 0.060 அங்குல இடைவெளி உண்டாக்கவேண்டும். அதிகமாகத் தேய்த்தால் நீர்ப்பாதை திறந்துகொள்ளும். திறந்தால் பிளாக்கே வீண். மேலே காம்ஷாஃப்டோடும் சில ராடுகளின் தோள் மோதுவதுண்டு. ஸ்ட்ரோக்கருக்கென்றே தோளைச் சீவிச் செய்த ராடை வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். தீராதபோது அடிவட்டம் சிறிதான காம்ஷாஃப்ட் ஒன்றே பரிகாரம். தேய்க்கும் வேலையனைத்தும் பிளாக்கைக் கழுவுவதற்கும் ஹோனிங்குக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். இரும்புத்தூள் எண்ணெய்த் துளைகளில் தங்கினால் முதலில் பலியாவது பேரிங்குகளே.

எல்லாச் சாமானும் சேர்ந்த பிறகு, ரிங் இல்லாமல் ஒரு தடவை பரீட்சையாகக் கட்டிப் பார்ப்பது அவசியம். பிளாக்கின் நான்கு மூலைச் சிலிண்டர்களிலும் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேற்பரப்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று டயல் கேஜால் பார்த்து, நான்கும் ஒத்து வரவில்லையானால் பிளாக்கை மறுபடி சீவக் கொடுக்கவேண்டும். பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, ஹெட்டைப் பூட்டிக் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிரித்து, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணை வெட்டி அதன் கனத்தை அளந்தால், இன்டேக் வால்வுக்கு 0.080 அங்குலமும் எக்ஸாஸ்டுக்கு 0.100 அங்குலமும் மிஞ்சியிருக்க வேண்டும். ராடுகளில் ஒரு பக்கத்து விளிம்பு மட்டும் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் கிராங்கின் கன்னத்தை நோக்கியும், பிஸ்டனின் அடையாளக் குறி எஞ்சினின் முன்புறத்தை நோக்கியும் இருக்கின்றனவா என்று பின்னைப் பூட்டுமுன்பே பார்த்துக்கொள்ளலாம்.

ரிங்குகளை அந்தந்தச் சிலிண்டரில் விட்டு, பிஸ்டனின் தலையால் சமமாகக் கீழே தள்ளி, வாய் இடைவெளியை அளந்து, குறைந்திருந்தால் அரத்தால் ராவ வேண்டும். டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத ஃபோர்ஜ்ட் பிஸ்டனுக்கு மேல் ரிங்கில் போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.0045 என்று கொண்டால், 4.030 போருக்குச் சுமார் 0.018 அங்குலம் வரும். ஹைப்பர்யூடெக்டிக் பிஸ்டனில் மேல் ரிங் உச்சிக்கு அருகில் சூட்டை அதிகம் வாங்குவதால் தயாரிப்பாளர் 0.026 வரையிலும் கேட்பார். அதைப் பார்த்து அதிசயப்பட்டு இறுக்கமாக விட்டுவிடக் கூடாது. சூட்டில் ரிங்கின் இரு நுனிகளும் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் தலையே பெயர்ந்து வரும். இரண்டாவது ரிங்கின் வாய் மேலதைவிடச் சற்று அகலமாக இருக்கலாம். அரத்தை எப்போதும் ரிங்கின் வெளிமுகத்திலிருந்து உள்நோக்கியே இழுத்து, நுனியிலுள்ள பிசிரை மெல்லிய கல்லில் ஒற்றி எடுத்து, எந்த ரிங் எந்தச் சிலிண்டருக்கு உரியது என்பதைப் பொட்டலத்தின் மேல் எழுதி வைக்கவேண்டும்.